டவர் கிடைக்காத மலையில் ஒருவரை ஒருவர் தொலைக்காமல் இருக்க

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு கார்கள் ஏறுகின்றன. பின்னால் வருகிற காரில் குழந்தைக்கு வாந்தி, ஓரமாக நிறுத்திவிட்டார்கள். முன்னால் போன கார் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு காரிலும் சேர்த்து எட்டு போன், ஒன்றிலும் சிக்னல் கோடு இல்லை. இந்த நிலைமைக்கு மருந்தாகப் பலர் முதலில் விலை பார்ப்பது வாக்கி டாக்கிதான். ஆனால் அடிவாரத்தில் இரண்டு நிமிடம் நின்று, “20, 40, 60. இந்த மூன்று வளைவையும் தாண்டி, இடம் இருக்கிற ஓரத்தில் முன் கார் நிற்கும். கால் மணி நேரத்தில் பின் கார் வரவில்லை என்றால் முன் கார் திரும்பி இறங்கும்” என்று பேசி வைத்திருந்தால் போதும். வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள், அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

கருவிகளைப் பற்றித்தான் இந்தப் பதிவில் நிறைய எழுதப் போகிறேன். ஆனால் எந்தக் கருவியானாலும் எப்போது பேசுவோம், பேச்சு வராவிட்டால் யார் எங்கே நிற்பது என்ற இரண்டும் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அது இல்லாமல் காட்டுக்குள் கொண்டுபோகிற ரேடியோ வெறும் பொம்மை.

போனிலிருந்து கடைசிச் சொட்டு வரை

மலையில் போன் இரண்டு கோடு காட்டும், கால் மட்டும் போகாது. போன் பழுதில்லை. டவர் பல வாட் சக்தியில் கத்துகிறது. உங்கள் 4ஜி போன் பதில் சொல்வது அதிகபட்சம் 0.2 வாட்டில். கோடு காட்டுவது டவரின் குரல் உங்களுக்குக் கேட்கிறது என்பதை மட்டும்தான், உங்கள் குரல் டவருக்குக் கேட்கிறதா என்பதை அல்ல. இன்னொன்றும் உண்டு. டவரின் ஆன்டெனாக்கள் ஊரையும் சாலையையும் பார்த்துச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் ஊருக்கு நேர் மேலே உள்ள முகட்டில்கூடச் சிக்னல் நொண்டலாம். பழைய 2ஜியில் 35 கிமீ என்று ஒரு வரம்பும் இருக்கிறது. அதற்கு மேல் தூரம் போனால், சிக்னல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நேரக்கணக்கு பொருந்தாமல் டவர் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது.

இடம் தேடுவதற்கு எளிய வழி, கண்ணால் பார்ப்பது. சமவெளி தெரிகிற பக்கம் திறந்த பாறை, இரவானால் ஊர் விளக்குகள் தெரிகிற விளிம்பு, இவைதான் டவர் பிடிக்கிற இடங்கள். ஓடைப் பள்ளத்திலும் சோலைக்காட்டுக்குள்ளும் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பதில் பயனில்லை. வழிகாட்டியாக வருகிற ஊர்க்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலான மலைகளில் “அந்தப் பாறையில ஏறுனா டவர் கெடைக்கும்” என்று ஒரு இடம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எந்த கம்பெனி சிம்முக்கு என்றும் சேர்த்துக் கேட்டு வையுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, 4ஜி எட்டாத இடத்தில் அது செத்த சிம். அதனால் குழுவில் எல்லோரும் ஒரே கம்பெனியாக இருக்கக் கூடாது.

அந்தப் பாறையில் ஏறியதும் கால் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். கால் நிற்க ஒரு நிமிடமாவது சிக்னல் அறுபடாமல் வேண்டும், எஸ்.எம்.எஸ்ஸுக்குச் சில நொடி போதும். எதிர்முனை போன் அணைந்திருந்தாலும் செய்தி மெசேஜ் சென்டரில் தங்கி, அவர் டவருக்குள் வந்ததும் போய்ச் சேரும். இங்கே தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 இடம், தமிழுக்கு 70தான். அந்த 70-லும் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். “தண்ணீர்” நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, போனுக்கு ஏழு. ஆங்கில எழுத்தில் எழுதிய செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ எமோஜியோ நுழைந்தாலும் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். 70-ஐத் தாண்டினால் இரண்டு துண்டாகப் போகும். மெலிந்த சிக்னலில் ஒரு துண்டு போய் இன்னொன்று தங்கிவிட்டால் அங்கே அரைச் செய்திதான் சேரும், சில போன்கள் அந்த அரையைக் காட்டவே காட்டாது. தமிழ்ப் பற்றை அடிவாரத்தில் வைத்துவிட்டு, தமிழையே ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தட்டுங்கள். வாசகத்தைக் கீழேயே எழுதி டிராஃப்டில் வைத்துக்கொண்டு, பாறையில் எண்களை மட்டும் மாற்றி அனுப்பினால் வேலை சுலபம். போகாத எஸ்.எம்.எஸ்ஸை எல்லா போனும் தானாக மறுபடி அனுப்பாது, “ஃபெயில்டு” என்று நிற்கும். பார்த்து நீங்கள்தான் தட்ட வேண்டும். வாட்ஸ்அப் கடிகாரக் குறியோடு காத்திருந்து, டேட்டா கிடைத்ததும் தானே அனுப்பும். இரண்டிலும் போடுங்கள்.

மற்ற நேரமெல்லாம் போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். டவர் இல்லாத இடத்தில் போன் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும், காலையில் நூறு சதவீதம் இருந்த பேட்டரி மதியம் மூச்சு வாங்குவது இதனால்தான். ஃப்ளைட் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் டேட்டா இல்லாமல் புதிதாகச் செயற்கைக்கோளைப் பிடிக்க நேரம் எடுக்கும். மரநிழலில் பல நிமிடம்கூட ஆகலாம். அடிவாரத்தில் டேட்டா இருக்கும்போதே ஒருமுறை இடத்தைப் பிடிக்கவிட்டு ஏறுங்கள். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்ற செயலிகளில் அந்தப் பகுதி வரைபடத்தை இறக்கி, இறக்கியது திறக்கிறதா என்று வீட்டிலேயே டேட்டாவை அணைத்துப் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லும்போது புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும், அதுவே சுமார் 11 மீட்டர் துல்லியம்.

ஆபத்து என்றால் 112. உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் அதன் வழியாக இந்த அழைப்பு போகும். “எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி” என்று திரையில் வருவது அந்த நிலைமைதான். அதைப் பார்த்து “டவர் இல்ல” என்று போனைப் பைக்குள் போடுகிறவர்கள் நிறைய. அப்போது எஸ்.எம்.எஸ். போகாது, சொந்தக்காரரை அழைக்க முடியாது, 112 மட்டும் போகும்.

வாக்கி டாக்கி: எது வாங்கலாம், எது கூடாது

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தி கையடக்க ரேடியோவுக்கு 2018 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஐரோப்பாவில் பி.எம்.ஆர். 446 என்று விற்பதும் இதே அலைவரிசைதான். அரை வாட், ஆன்டெனாவைக் கழற்ற முடியாது. கருவிக்கு இ.டி.ஏ. என்ற அனுமதிச் சான்று இருக்க வேண்டும். சான்று இல்லாத, அலைவரிசை எதுவென்றே சொல்லாத செட்டுகள் ஆன்லைனில் பொம்மை மாதிரி விற்றதால்தான் 2025-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளுக்கு வழிகாட்டு நெறிமுறை போட்டது. வாங்கும் பக்கத்தில் அலைவரிசையும் சான்று விவரமும் இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

இரண்டு வகைச் செட்டில் ஏமாறுவார்கள். ஒன்று, அமெரிக்காவிலிருந்து மச்சான் பரிசாகக் கொண்டுவருகிற ஜோடி. அது 462, 467 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். அங்கே உரிமம் வேண்டாம், இங்கே அந்த அலைவரிசை மற்றவர்களுடையது. இரண்டாவது, ஐந்து வாட் சீனச் செட். விலை மலிவு, எல்லா அலைவரிசையும் எடுக்கும், அதுதான் பிரச்சினையும். அமெச்சூர் ரேடியோ உரிமம் (பொழுதுபோக்காக ரேடியோ பேசுகிறவர்கள் தேர்வு எழுதி வாங்குவது) இல்லாமல் அதில் பேச்சுப் பொத்தானை அழுத்துவது குற்றம். போலீஸோ வனத்துறையோ பயன்படுத்தும் அலைவரிசையில் தெரியாமல் போய் விழவும் வாய்ப்பிருக்கிறது. காட்டுக்குள் போக அனுமதி தந்த வனத்துறையின் வயர்லெஸ்ஸிலேயே “மச்சி எங்கடா இருக்க” என்று கேட்பது நல்ல தொடக்கமல்ல.

அட்டைப் பெட்டியில் “10 கிமீ” என்று போட்டிருப்பது பொய்யல்ல, பாதி உண்மை. இந்த அலைகள் கண்பார்வைக் கோட்டில் போகிறவை. பார்வை எல்லையைக் கணக்கிட ஒரு வாய்பாடு இருக்கிறது: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். 1.5 மீட்டர் உயரத்தில் ரேடியோ பிடித்த ஒருவருக்கு 4.4 கிமீ. இருவருக்கும் சேர்த்து 8.7. இது கடல் மாதிரி மட்டமான தரையில், நடுவில் ஒரு செடிகூட இல்லாமல். 100 மீட்டர் உயர முகட்டில் நிற்கிறவருக்கோ கிட்டத்தட்ட 36 கிமீ. அதனால் முகட்டுக்கு முகடு பேச்சு தெளிவாக வரும். 300 மீட்டர் தள்ளி மலைமடிப்புக்குப் பின்னால் நிற்பவரின் குரல் வராது. சோலைக்காட்டுக்குள் அரை வாட்டுக்கு அரை கிமீ, சில இடத்தில் ஒரு கிமீ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து இலைகள் நனைந்திருந்தால் இன்னும் குறையும். காருக்குள்ளே உலோகக் கூடு அலையை விழுங்கும், ஜன்னல் கண்ணாடிப் பக்கம் பிடித்துப் பேச வேண்டும்.

வாங்கியதும் முதலில் சரிபார்க்க வேண்டியது, பெட்டியில் “பிரைவசி கோடு” என்று எழுதியிருக்கும் சமாச்சாரம். பேர்தான் ரகசியம், எந்த ரகசியமும் இல்லை. உங்கள் பேச்சோடு காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய தொனி போகும். அந்தத் தொனி வந்தால் மட்டும் எதிர்ச் செட்டின் ஸ்பீக்கர் திறக்கும். மற்றவர்கள் உங்களைத் தாராளமாகக் கேட்கலாம், நீங்கள்தான் அவர்களைக் கேட்க மாட்டீர்கள். இதில்தான் பெரும்பாலான குழுக்கள் மாட்டுகின்றன. ஒரு செட்டில் சேனல் 5, கோடு 7. இன்னொன்றில் சேனல் 5, கோடு இல்லை. இரண்டாமவருக்கு முதலாமவர் பேசுவது கேட்கும். அவர் பதில் சொல்வது முதலாமவருக்குக் கேட்காது. “நான் கத்துறேன், அவன் காதுல வாங்க மாட்டேங்கிறான்” என்று ஒரு தரப்பு புலம்பினால் தொனிக் கோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். எல்லாச் செட்டிலும் இந்தத் தொனிக் கோடு வசதியை அணைத்துவிடுங்கள். காட்டில் பக்கத்துக் குழுவின் பேச்சு காதில் விழுவது தொல்லையல்ல, ஒரு நாள் அது உதவிக்கு வரும்.

அடுத்தது, குரல் கேட்டால் தானாகத் திறக்கும் வசதி. காற்றுச் சத்தத்துக்கும் மூச்சு வாங்குவதற்கும் அது திறந்து, பேட்டரியைத் தின்று, சேனலையும் அடைத்துவிடும். அணைத்து விடுங்கள். கடைசியாகக் கீ லாக். பைக்குள் உரசிச் சேனல் மாறிப் போவது எல்லோருக்கும் நடப்பது. சேனலைப் போட்டதும் பூட்டுங்கள், சேனல் எண்ணை ஒரு பிளாஸ்திரியில் எழுதி முதுகில் ஒட்டுங்கள்.

இதைவிடக் கெட்ட கோளாறு ஒன்று இருக்கிறது. தோள்பட்டை வாரில் மாட்டிய செட்டின் பேச்சுப் பொத்தானைப் பையின் பட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த ஒரு செட் விடாமல் ஒலிபரப்ப, குழு மொத்தமும் செவிடாகிவிடும். அழுத்திக்கொண்டிருப்பவருக்கு மட்டும் தெரியாது, ஏனென்றால் அவர் செட் அப்போது எதையும் கேட்காது. மற்றவர்களின் செட்டில் காலடிச் சத்தமும் மூச்சும் துணி உரசலும் வந்துகொண்டிருக்கும். அதைக் கேட்டால், முன்பே பேசி வைத்த மாற்றுச் சேனலுக்கு மற்றவர்கள் தாவிவிட வேண்டும். ஐந்துக்கு மாற்று எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். பட்டைக்குள் மாட்டியவரைத் தேடிப் பிடிக்கும் வேலையை அவருக்கு அருகில் நடக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

பேசும் முறை சின்ன விஷயம், ஆனால் பாதிப் பேச்சு தொலைவது இதில்தான். பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். அழுத்திய உடனே பேசினால் முதல் சொல் வெட்டுப்படும், மலையில் அந்த முதல் சொல் பெரும்பாலும் “வராதீங்க” என்பதாக இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி, முதுகைக் காற்றுக்குக் காட்டி நில்லுங்கள், ஆன்டெனா செங்குத்தாக, உடம்பிலிருந்து விலகி இருக்கட்டும். இடுப்பில் தொங்கும் செட்டின் அலையில் பாதியை நம் உடம்பே குடித்துவிடும். பெயருக்குப் பதிலாக இடத்தால் கூப்பிடுவது வசதி: முன்னால் போகிறவர் “முன்”, நடுவில் “நடு”, கடைசி ஆள் “வால்”.

“முன், முன், இது வால். கேக்குதா? ஓவர்.”

“வால், இது முன். கேக்குது, சொல்லுங்கண்ணா. ஓவர்.”

“ஓடையைத் தாண்டிட்டோம். ஒருத்தருக்குக் கால் பிசகிருச்சு, மெதுவா நடக்குறாங்க. நீங்க அடுத்த பிரிவுல நில்லுங்க. ஓவர்.”

“ஓடை தாண்டியாச்சு, ஒருத்தருக்குக் கால் பிசகல், நாங்க அடுத்த பிரிவுல நிக்கணும். சரியா? ஓவர்.”

“சரி. முடிஞ்சது.”

இதில் முக்கியம் நான்காவது வரி. கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார். எண்களுக்கு இது கட்டாயம். இரைச்சலில் “அறுபது, எழுபது”, “பதினாறு, பதினேழு” எல்லாம் ஒன்றாகவே காதில் விழும். “ஆறு, சைபர்” என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, ஆறா ஏழா என்று சந்தேகம் வந்தால் ஒன்றிலிருந்து எண்ணிக் காட்டுங்கள். முன்னுக்கும் வாலுக்கும் நேராக எட்டாதபோது “நடு” முகட்டில் ஏறி அஞ்சல் வேலை பார்க்கலாம். அப்போது சுருக்கியோ விளக்கியோ சொல்லாமல் கேட்ட சொற்களை அப்படியே கடத்த வேண்டும். “மெதுவா வர்றாங்களாம்” என்று நடுவில் சுருங்கிப் போகிற செய்தியில்தான் கால் பிசகியது காணாமல் போகும்.

நேரம் வைத்துக்கொள்வது

எல்லாச் செட்டும் நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டியதில்லை. முன், வால் இரண்டும் திறந்திருக்கட்டும். மற்றவை ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடம் போதும். குழு இரண்டாகப் பிரிந்து வேறு வேறு பாதையில் போனாலும் இதே முறை. ஒன்பது மணிப் பேச்சு வரவில்லை என்றால் பதற்றப்படாமல் நடங்கள், மடிப்புக்குப் பின்னால் இருப்பார்கள். பத்து மணிப் பேச்சும் வரவில்லை என்றால் உயரமான இடம் தேடி ஏறி அழைக்க வேண்டும். பதினொன்றும் போனால் கடைசியாகப் பேசிய இடத்துக்கு இருவராகத் திரும்ப வேண்டும். இரண்டு விட்டால் தேடு, மூன்று விட்டால் திரும்பு என்று எல்லோருக்கும் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். கடிகாரங்களை அடிவாரத்தில் ஒத்துப் பார்ப்பது பழைய பாணிதான், ஆனாலும் கைக்கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தி ஓடுகிறவருக்கு அந்த ஐந்து நிமிட ஜன்னல் முழுதும் தவறிப்போகும்.

ரேடியோவே இல்லாத குழுவுக்கும் ஒரு விதி போதும்: பாதை பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நகரக் கூடாது. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. வால் வேலையைக் களைத்தவரிடம் தராதீர்கள், நன்றாக நடக்கத் தெரிந்தவரிடம் தாருங்கள்.

லோரா மெஷ்: செய்தி மட்டும் போதும் என்றால்

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு மெஷ்டாஸ்டிக் நல்ல வழி. லோரா என்பது குறைந்த சக்தியில் நெடுந்தூரம் சின்னச் செய்தி அனுப்பும் ரேடியோ முறை, மெஷ்டாஸ்டிக் அதில் ஓடும் மென்பொருள். தீப்பெட்டி முதல் சோப்புப் பெட்டி அளவுக்குள் ஒரு லோரா ரேடியோ, போனோடு ப்ளூடூத்தில் பேசும். போன் ஃப்ளைட் மோடில் ப்ளூடூத் மட்டும் திறந்திருந்தால் போதும். குரல் போகாது, சின்னச் செய்தியும் இருப்பிடமும் போகும். ஒரு கருவி அனுப்பியதைக் கேட்ட இன்னொன்று தானே திருப்பி ஒலிபரப்பும். இயல்பாக மூன்று தாவல், அதிகபட்சம் ஏழு. வாக்கி டாக்கியைவிடக் குறைந்த சக்தியில் அதிக தூரம் போவதற்குக் காரணம், மெதுவாகப் பேசுகிறது. நீளமான ஒரு செய்தி காற்றில் கடக்க ஒன்றரை, இரண்டு நொடி எடுக்கும்.

இந்தியாவில் இதற்கு உரிமம் வேண்டாத பட்டை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. வாங்கும்போது 868 வகை பலகை கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று 433 பலகை வாங்கினால் அமைப்பில் எதை மாற்றினாலும் அது 865-க்கு வராது, வன்பொருளே வேறு. ஆன்டெனாவைத் திருகிய பிறகுதான் மின்சாரம். ஆன்டெனா இல்லாமல் ஒலிபரப்பினால் சக்தி திரும்பி வந்து பெருக்கிச் சில்லு எரியக்கூடும். செயலியில் முதல் வேலை, ரீஜன் என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுப்பது. அதுவரை கருவி வாயே திறக்காது. பிறகு எல்லாக் கருவியிலும் ஒரே மோடம் அமைப்பு, ஒரே சேனல் பெயர், ஒரே சாவி. ஒருவர் அமைத்துவிட்டு, க்யூஆர் கோடை மற்றவர்கள் ஸ்கேன் செய்வது பிழையில்லாத வழி. கையால் தட்டினால் யாராவது ஒருவர் ஒரு எழுத்தில் தவறுவார்.

இங்கும் தமிழ்க் கணக்கு வரும். ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். “தண்ணீர்” 21 பைட். ஆக ஒரு செய்தியில் எட்டு, ஒன்பது தமிழ்ச் சொல்தான் அடங்கும். செய்தியை முன்பே எண்ணாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 1 நலம், 2 தாமதம், 3 தண்ணீர் வேண்டும், 4 நில்லுங்கள், 9 உதவி. செய்தியும் சிறிதாகும், பேட்டரியும் மிஞ்சும்.

செய்திக்குப் பக்கத்தில் வரும் டிக் குறியை நம்பி ஏமாறாதீர்கள். குழுச் சேனலில் அனுப்பிய செய்திக்கு அந்த டிக், யாரோ ஒருவருடைய கருவி கேட்டுத் திருப்பி ஒலித்தது என்பதற்கு மட்டும் அடையாளம். நீங்கள் நினைத்த ஆளுக்குப் போனதா, அவர் படித்தாரா என்பது அதில் தெரியாது. பதில் வந்தால்தான் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். “வந்தது” என்று ஒரு வார்த்தை போடுவதைக் குழுவின் வழக்கமாக்குங்கள்.

பேட்டரியில் இரண்டு இனம் உண்டு. இஎஸ்பி32 சில்லு வைத்த பலகைகள் பசி அதிகம். 3000 எம்ஏஎச் செல்லில், ஜிபிஎஸ்ஸும் ஓடினால் ஒரு நாளைத் தாண்டுவது கடினம். என்ஆர்எஃப்52 சில்லு வைத்தவை அதே செல்லில் பல நாள் ஓடும். இரண்டு இரவுக்கு மேல் தங்கும் பயணத்துக்கு இரண்டாவதுதான். முகாம் போட்ட இடத்தில் ஒரு கருவியைக் கயிற்றில் கட்டி மரக்கிளையில் ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டால், பள்ளத்தில் திரிகிறவர்களுக்கும் எட்டும். பாலித்தீன் பையில் தலைகீழாகக் கட்டுங்கள், வாய் கீழ்ப்பக்கம் இருந்தால் மழைநீர் இறங்காது. குரங்கு இருக்கிற காடானால் இதைச் செய்யாதீர்கள்.

சாட்டிலைட் கருவி பற்றி ஒரு எச்சரிக்கை

வெளிநாட்டில் மலையேறுகிறவர்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சாட்டிலைட் மெசஞ்சர், துரையா, இரிடியம் போன்கள் எதையும் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், பேசினால்தான் என்றில்லை. விமான நிலையத்தில் பை பரிசோதனையின்போது வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டு, கைதாகி, கோர்ட் படியேறிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. ஊருக்கு வரும் சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் ஐபோனில் வேலை செய்கிற சாட்டிலைட் எஸ்ஓஎஸ் சேவையும் இதை எழுதும்போது இந்தியாவில் இல்லை, அதை நம்பி ஏறாதீர்கள்.

சட்டப்படி தூரம் பேச வேண்டுமென்றால் அமெச்சூர் உரிமம் எடுக்கலாம். 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை பேசவும், மலைமேல் உள்ள ரிப்பீட்டர்கள் (கேட்டதை அப்படியே திருப்பி ஒலிபரப்பும் நிலையங்கள்) வழியாக மாவட்டம் தாண்டவும் முடியும். ரிப்பீட்டரின் ஆஃப்செட் (அது கேட்கும், பேசும் அலைவரிசைகளுக்கு இடையேயான வித்தியாசம்), தொனி இரண்டையும் வீட்டிலேயே செட்டில் ஏற்றி, ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதுபற்றித் தனிப் பதிவே எழுதலாம்.

விசில், டார்ச், தீ

பேட்டரி எல்லாம் தீர்ந்தால் விசில். உள்ளே உருண்டை இல்லாத வகை வாங்குங்கள், நனைந்தாலும் ஊதும். நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று ஊதிப் பதில் சொல்வார். இரவில் டார்ச்சிலும் இதே ஆறு, மூன்று. ஆனால் யானை நடமாடும் காட்டில் சும்மா ஊதி விளையாடக் கூடாது. வழிகாட்டியிடம் கேட்டு, விசிலை ஆபத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள். வெளிநாட்டுக் கையேடுகளில் வரும் “புகை மூட்டி அடையாளம் காட்டு” என்ற யோசனையை இங்கே மறந்துவிடுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த மலைப்புல் (போதைப்புல்) சரிவில் ஒரு தீக்குச்சி போதும், அது உங்களையே முதலில் சுற்றி வளைக்கும்.

வீட்டில் விட்டுப் போகும் தாள்

இவ்வளவு கருவிகளிலும் விலை குறைந்தது இதுதான். வீட்டில் இருக்கும் ஒருவர், போனை எடுக்கிறவர், அவரிடம் ஒரு தாள். வாட்ஸ்அப்பில் படமாகவும் அனுப்பி வையுங்கள்.

தாளில் முதலில் பாதையின் பெயர், அனுமதிச் சீட்டில் இருப்பது அப்படியே. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளுக்குப் பெயரும் இணையத்தில் முன்பதிவும் வந்துவிட்டது. “ஏதோ வால்பாறைப் பக்கம்” என்று சொல்வதைவிட முன்பதிவுச் சீட்டின் நகல் நூறு மடங்கு மேல். அடுத்து வனச்சரக அலுவலகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும், வழிகாட்டியின் எண். வண்டி எண், எங்கே நிறுத்தப் போகிறீர்கள். ஆட்களின் பெயர், வயது, மருந்து எடுப்பவர் இருந்தால் என்ன மருந்து. மேல்சட்டை நிறம்கூட எழுதலாம், தேடுகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசியில் இரண்டு நேரம். திரும்பி வரும் நேரம் மாலை 4. கவலைப்பட வேண்டிய நேரம் இரவு 7. இந்த இரண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒரே நேரம் எழுதினால், நாலேகாலுக்கே அம்மா ஊரைக் கூட்டிவிடுவார், அல்லது “எப்பவும் லேட்டாத்தான் வருவான்” என்று இரவு பதினொன்றுவரை யாரும் அசைய மாட்டார்கள். ஏழு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதையும் வரிசையாக எழுதுங்கள்: முதலில் வழிகாட்டி, பிறகு வனச்சரக அலுவலகம், பிறகு 112. வனத்துறைக்குச் சொந்த வயர்லெஸ் இருக்கிறது. போன் எடுக்காத காட்டிலும் சோதனைச்சாவடியையும் வேட்டைத் தடுப்பு முகாமையும் அவர்களால் கூப்பிட முடியும். நடக்கிறவர்களும் பாதையில் உள்ள அந்த முகாம்களின் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். டவர் தேடி முகடு ஏறுவதைவிட, ஒரு கிமீ நடந்து முகாமின் வயர்லெஸ்ஸில் செய்தி சொல்வது பல நேரம் வேகமானது.

இறங்கியதும், முதல் கோடு தெரிந்த உடனே, டீக்கடையில் உட்காரும் முன் வீட்டுக்கு “இறங்கியாச்சு, எல்லாரும்” என்று அனுப்புங்கள். அந்த “எல்லாரும்” என்ற சொல்லை வால் வந்து சேர்ந்த பிறகுதான் எழுத வேண்டும். ஏழு மணி தாண்டி, வீட்டில் ஏற்கெனவே ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால், வீட்டுக்கு மட்டும் சொன்னால் போதாது. வனச்சரக அலுவலகத்துக்கும் 112-க்கும் நீங்களே பேசி, இத்தனை பேர் இறங்கிவிட்டோம், இந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் டார்ச் பிடித்துக்கொண்டு நாலு காவலர்கள் அந்நேரம் மேலே ஏறிக்கொண்டிருப்பார்கள்.